தொட்டிப்பாலத்துச் சட்டம்

பிரகாசி தண்ணீர்க் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். அதற்காக அவள் வீட்டுக் குழாயை மூன்று நாளாகப் பூட்டி வைத்திருந்தார்கள். நான்காம் நாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தீவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய தொட்டிப்பாலத்தைப் பார்க்கப் போனாள்.

"பாலம் பாக்க வாரவ மண்வெட்டியோடயா வருவா?" என்று சிரித்தார் வாசல் காவலர் சவரியான்.

"வேலைக்கு வந்த நீங்க தொப்பியோட சும்மா நிக்கலையாண்ணே? அது மாதிரிதான்."

பாலத்தைக் காட்சிக்கு வைத்திருந்ததும் அதே கம்பெனிதான். உள்ளே எல்லாம் பாலம் கட்டிய காலத்துச் சட்டப்படியே நடக்கும் என்று விளம்பரம் செய்து, தண்ணீர்க் கணக்குப் பார்த்து வீட்டுக் குழாய்களைப் பூட்டித் திறக்கும் இயந்திரத்துக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வந்தவர்களெல்லாம் பாலத்தின் கல்தூணருகே நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தூணில் வெட்டியிருந்ததைப் போன மாதம் எழுத்துக் கூட்டிப் படித்தவள் பிரகாசி ஒருத்திதான்: 'ஒரு நாள் தூர் வாரின குடிக்கு ஒரு வருஷத் தண்ணீர் இனாம்.'

பாலத்தின் மேலேறி, அங்கே தூர்ந்து கிடந்த வாய்க்காலில் பொழுது சாயும்வரை மண் அள்ளினாள். பிறகு இயந்திரத்தின் முன் வந்து நின்றாள்.

"கல்லப் படி. மண்ணையும் அளந்துக்க."

இயந்திரம் படித்தது, அளந்தது. "குடிமராமத்து வேலை சரி. இந்த வருஷப் பாக்கி தள்ளுபடி. வீட்டுக் குழாய் திறந்தாயிற்று" என்றது.

சவரியான் தொப்பியைக் கழற்றினார்.

"தங்கச்சி, அந்த மண்வெட்டிய இங்கனயே வச்சிட்டுப் போ. எனக்கும் நாலாயிரம் தண்ணிப் பாக்கி நிக்குது."