ஐந்து பஞ்சர்

1938 கோடையில் மதுரைக்காரர்கள் ஆறு பேர், தேவிபட்டினத்திலிருந்து தொண்டிக்குக் கடலோரமாகச் சைக்கிளில் போனோம். வழிகாட்டி முகம்மது கனி பாய். வண்டிகளும் அவர் கடையுடையவைதான்.

போய்ச் சேர்வதற்குள் என் வண்டி ஐந்து தடவை பஞ்சர். ஒவ்வொரு தடவையும் நாங்கள் பனை நிழலில் படுத்துக்கொள்ள, பாய் மணலில் உட்கார்ந்து ஒட்டுப் போட்டார்.

"என்ன பாய், இம்புட்டுப் பழைய வண்டியவா குடுப்பீக?" என்று எங்களில் ஒருவனான சின்னச்சாமி ஏசினான். பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

தொண்டியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் அவர் தனியாகக் கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"பாய், மன்னிச்சிருங்க. என்னால மிதிக்க முடியல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. கருவேல முள்ள எடுத்து நான்தான் டயர்ல குத்துனேன். மூணு தடவ. மத்த ரெண்டும் நான் செஞ்ச பாவத்துக்கு ஆண்டவன் குடுத்தது."

பாய் சட்டைப்பையிலிருந்து நீளமான முள் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"அந்த ரெண்டும் நான் குத்துனது தம்பி. எனக்கும் மூச்சு வாங்குச்சு."

"சின்னச்சாமி அம்புட்டுப் பேச்சுப் பேசுறப்பவும் சும்மாதான இருந்தீக?"

"வண்டி பழசுன்னா டியூப்ப மாத்திக்கிறலாம். ஆளு பழசுன்னு சொல்லிட்டா?"