மத்தியானப் பாடம்

“உன் வூட்டுக்காரரு தெனம் மத்தியானம் அந்த டைப்பிஸ்ட் பொண்ணோட ஒரே பேச்சாமே!” என்று பக்கத்து வீட்டு தனகோடி பற்றவைத்துவிட்டுப் போனாள். கமலவேணிக்குப் பொறுக்கவில்லை. நேற்று ராத்திரி இவள் ஏதோ கேட்டதற்குக் கொட்டாவி விட்டுப் படுத்த மனுஷன்!

மோர் கொடுக்கிற சாக்கில் ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்கே போய்விட்டாள். சைக்கிள் ஸ்டாண்டில் அவள் புருஷன் பரந்தாமன் மேஸ்திரி கைகட்டி நிற்க, டைப்பிஸ்ட் விஜயகுமாரி சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கமலவேணி சுவரோரம் ஒட்டிக்கொண்டாள்.

“தோல் காயற கயித்துக்கு முட்டுக் கொடுக்கிறீங்களே மேஸ்திரி, அது சப்போர்ட். ஷிஃப்ட் மாறினாலும் தோல் ஊறுற டிரம்மை நிக்காம சுத்த வைக்கிறீங்களே, அது சஸ்டெயின்.”

“அப்ப மெயின்டெயின்?”

“டிரம்மு ரிப்பேர் ஆகாம பாத்துக்கறது. ஆமா, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?”

“கல்யாணத்தப்ப, இங்கிலீஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடுன்னு பீத்திக்கினேம்மா. இப்ப பொண்டாட்டி எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போறா. நேத்து இதத்தான் கேட்டா. தூக்கம் வருதுன்னு சமாளிச்சுட்டேன்.”

கமலவேணி மோரோடு அப்படியே வீடு திரும்பினாள்.

சாயந்திரம் பரந்தாமன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கயிறு, முட்டு, டிரம் எல்லாம் சொல்லி விளக்கினான். அவள் வாய் பிளந்து கேட்டாள்.

“அடேங்கப்பா, இன்னா தெளிவு! நாளையிலேர்ந்து கேரியர்ல ஒரு அடுக்கு ஜாஸ்தி வைக்கிறேன்.”

“எதுக்கு? எனக்கு இதுவே போதும்.”

“உங்களுக்கில்ல, டீச்சரம்மாவுக்கு. வாயில சோறு இருந்தா அவ்ளோ சிரிப்பு வராது.”