ஸ்டெஃபி பார்த்த ரோமாபுரி

“அப்பா, இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. இன்னைக்கே சொல்லோணுமாம். போடட்டுங்களா?”

மரியஅந்தோணி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கரடியூர் வீட்டுக்கு வந்ததும் மகளோடு பேசுவது வழக்கம். ஸ்டெஃபி ரோம் நகரத்தில் வயதான ஓர் அம்மாளை அவர்கள் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறாள். ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்தான் பாக்கி.

“அது கெடக்கட்டும் கண்ணு. இந்த வாரம் எங்க போன, அதச் சொல்லு.”

அவ்வளவுதான், ஸ்டெஃபி ஆரம்பித்துவிட்டாள். பளிங்குத் தூண்கள், ஆள் உயரத்துக்குத் தண்ணீர் துள்ளும் நீரூற்றுகள், புனித பேதுரு பெருங்கோயிலை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்த கதை. அந்தி சாய்ந்தால் ஏணியும் கையுமாக ஒருவன் வந்து, தெருவிளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு போவானாம். மரியஅந்தோணிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மனுஷன் ஜீப் டிரைவர். திங்கட்கிழமை ஆனால் ஏற்காடு ஸ்டாண்டில் இதே கதையை உப்பு காரம் சேர்த்து அளப்பார். ஒரு போட்டோவாவது காட்டுங்கண்ணா என்று கூட்டாளி ரஞ்சித் கேட்டால், மகள் போனில் கேமரா ரிப்பேர் என்பார். அதுவும் மகள் சொன்னதுதான்.

“இந்தக் குடுப்பின ஆருக்குக் கெடைக்கும் சாமி? யோசிக்காத. போட்டுரு.”

மனைவி தேவகுமாரி அதுவரை வாயே திறக்கவில்லை. மகள் ஊர்க்கதை ஆரம்பித்தால் அவள் எப்போதும் இப்படித்தான், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வாள். இன்றைக்கு எழுந்து வந்து போனைக் கையில் எடுத்தாள்.

“போடாத கண்ணு. பொறப்பட்டு வந்துரு.”

மரியஅந்தோணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளை நாலு இடம் பார்ப்பது பெற்றவளுக்கே பொறுக்கவில்லையா, நீ மலையை விட்டு இறங்கவில்லை என்பதற்காக அவளும் இங்கேயே காப்பிப் பழம் பறிக்க வேண்டுமா என்று பொரிந்து தள்ளினார். தேவகுமாரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

“உனக்கு அம்மை போட்டிருந்தப்ப, நூறு வருசத்துக்கு முந்திக் கப்பல்ல போன சாமியார் ஒருத்தரு ரோமாபுரியப் பத்தி எழுதுன புஸ்தகத்த வாங்கியாந்து, பக்கத்துல ஒக்காந்து படிச்சுக் காட்டுனவ நாந்தான சாமி? நீ சொல்றது அத்தனையும் அதுல இருக்கறதுதான். ஒப்பந்தம் முடிஞ்சா வந்துருவயேன்னு பொறுத்துக்கிட்டேன். நெசத்தச் சொல்லு, உன்னைய ஒருநாளாச்சும் வெளிய உட்டாங்களா?”



“வெளிக்கதவுச் சாவி எங்கிட்ட இல்லீங்கம்மா,” என்றாள் ஸ்டெஃபி.