'நீ' எப்போது வரும்

தலைமை என்பது தனிமை.

கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

அது இழுக்கிற கதவு.

திருமாறன் எழுந்து வந்து திறந்துவிட்டான். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் எதிரே திரையில் ஒரு துருக்கிக்காரி வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள்.

நேற்றும் அதே வாய்தான்.

சாலிகிராமத்து அந்த டப்பிங் கம்பெனிக்கு அந்த ஒரு நாடகம்தான் சோறு போட்டது. துருக்கியில் எடுத்தது. ஆங்கில வசனத்தோடு வரும், தமிழ் பேசிக்கொண்டு போகும். இந்த வாரத்துப் பகுதி இன்று மாலைக்குள் சேனலுக்குப் போகாவிட்டால் நாடகமே வேறு கம்பெனிக்குப் போய்விடும். மத்தியானத்துக்குள் வசனம் வரலைன்னா ஆளை வீட்டுக்கு அனுப்பிடும்மா, என்று முதலாளி சொல்லிவிட்டார்.

திருமாறனை வேலைக்கு எடுத்தவள் அவள்.

நல்லா எழுதுவான் சார், கொஞ்சம் மெதுவா, என்று சொல்லித்தான் எடுத்தாள். மெதுவா என்பதில் அவன் ஒருநாளும் அவளைப் பொய்யாக்கியதில்லை. போன தடவை அவனுடைய பெரியப்பாவை அவளே சாகடித்துச் சேனலிடம் இரண்டு நாள் வாங்கியிருந்தாள்.

இனிச் சாகடிக்க அவனுக்கு ஆளில்லை.

வெளியே சோபாவில், நாயகிக்குக் குரல் கொடுக்கும் கோமளவல்லி ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துத் தொண்டையைப் பதமாக வைத்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் வேலை.

மேலாளர் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முதலில் பாராட்டு. நடுவில் குறை. முடிவில் மறுபடி பாராட்டு. குரல் மட்டும் உயரவே கூடாது.

புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"திருமாறன், உங்க கையெழுத்து ரொம்ப அழகு."

அவன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் தட்டுகிறவன்.

"தேங்க்ஸ் மேடம்," என்றான். சந்தேகப்படத் தெரியாதவன்.

குறைக்கு வந்தாள். எங்கே நிற்கிறது?

"நீ எப்ப வரும்னு தெரியல, மேடம்."

ஒரு கணம் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் திரையைக் காட்டினான்.

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. கடவுளுக்கும் அதுதான், வாட்ச்மேனுக்கும் அதுதான். தமிழில் இத்தனை வாரமும் நாயகி நாயகனை 'நீங்க' என்றே பேசிவிட்டாள். அடுத்த வாரம் கல்யாணம். அதற்குள் எங்கேயோ ஓரிடத்தில் அது 'நீ' ஆகிவிட வேண்டும்.

"பாலத்துல வச்சுப் பார்த்தேன், மேடம். மழையில வச்சுப் பார்த்தேன். உதட்டுல உட்காரல. வாய் ஒரு பக்கம், வார்த்தை ஒரு பக்கம்."

"முத்தத்துக்கு அப்புறம் வைங்க."

"முத்தத்தை நாமதான் வெட்டிட்டோமே."

உண்மைதான். அவள்தான் வெட்டச் சொன்னாள். குடும்பத்தோடு பார்ப்பார்கள்.

"அப்ப நீங்கன்னே விட்டுடுங்க."

"கட்டிக்கப்போறவன்கிட்ட பேசுற மாதிரியே இருக்காது, மேடம். பேங்க் மேனேஜர்கிட்ட பேசுற மாதிரி இருக்கும்."

அவன் முகம் வற்றிப்போயிருந்தது. மேசை மேல் நேற்று வாங்கிய பன் பிரிக்கப்படாமல் கிடந்தது.

முடிவுப் பாராட்டுக்காக அவள் வாயைத் திறந்தாள்.

"ஏன்டா, உனக்கு அறிவிருக்கா? வேலை போகப்போகுதுடா உனக்கு. உன்னை நம்பி முதலாளிகிட்ட வாக்குக் குடுத்துட்டு வந்து நிக்கிறேன், நீ பாலத்துல வச்சேன், மழையில வச்சேன்கிற. காலையிலேருந்து ஏதாவது தின்னியா இல்லையா, அதையாவது சொல்லித் தொலை."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

வெளியே கோமளவல்லி வெந்நீரை நிறுத்தினாள். கதவு திறந்தேதான் இருந்தது.

அவன் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான்.

துறைமுகம். சொல்லாமல் கப்பலேறப் பார்த்தவனைத் தேடி ஓடிவந்து நாயகி கத்துகிற இடம். பூ இல்லை. வயலின் இல்லை. அங்கே போய் யார் 'நீ'யைத் தேடுவார்கள்.

ஓட்டிப் பார்த்தான். துருக்கிக்காரியின் வாய் கடைசியில் மூடியது.

"மேடம், அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை சொல்றீங்களா?"

சொன்னாள். கொஞ்சம் நிறுத்தி, தெளிவாக. தொழில் என்று வந்துவிட்டால் வேறு வழியில்லை.

உட்கார்ந்தது.

மற்றதெல்லாம் கடகடவென்று வந்தது. மத்தியானம் தாண்டியது கொஞ்சம்தான். முதலாளி சாப்பிட்டுத் தூங்கி எழுவதற்குள் முடிந்துவிட்டது. கோமளவல்லி ஒரே டேக்கில் பேசினாள். வசனத்தில் இல்லாத ஒரு மூக்குறிஞ்சலையும் சேர்த்துக்கொண்டாள். அது யாருடையது என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

மாலையில் சேனலிலிருந்து கூப்பிட்டார்கள். துறைமுகக் காட்சி அழவைத்துவிட்டதாம்.

எப்படிம்மா அவன்கிட்ட வேலை வாங்கின, என்று முதலாளி கேட்டார்.

"பயிற்சியில சொன்னபடிதான் சார். நிதானமா எடுத்துச் சொன்னேன்."

மறுநாள் காலை திருமாறன் டிபன் டப்பாவோடு படியேறி வந்தான். படியில் ஆட்கள் இருந்தார்கள். கோமளவல்லியும் இருந்தாள். அவள் ஒரு மேலாளர் நிற்க வேண்டிய தூரத்தில் நின்றுகொண்டாள்.

"சாப்பிட்டீங்களா, திருமாறன்?"

உதட்டில் உட்காரவில்லை.