மொட்டைக் கடிதாசி

"ஸ்வல்ப இருங்கோம்மா. சாப்பாட்டைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல இந்தக் கடிதாசில இருக்கறது நிஜமான்னு சொல்லுங்கோ."

சீனிவாசராகவன் மேஜைமேல் ஒரு தாளைத் தள்ளினார். வைட்ஃபீல்டில் இருந்த அந்த சாஃப்ட்வேர் கம்பெனியில், மதியச் சாப்பாட்டு ஆர்டர் யாருக்கு என்று முடிவு செய்கிற அதிகாரி அவர். ஆங்கிலத்தில் டைப் அடித்த நாலே வரி. கீழே கையெழுத்து இல்லை.

"எங்க ரெண்டு பேருக்குமே இங்கிலீஷ் வராது சார். நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க," என்றாள் பாகீரதி.

"சந்தாபுராவுல மெஸ் நடத்தற பாகீரதி ஆறு வருஷம் ஜெயில்ல இருந்தவளாம். அவ கையால சாப்பிடறதுக்கு முன்னாடி கூப்பிட்டு விசாரிக்கணுமாம். அவ்வளவுதான். எழுதினவா பேரும் இல்லே, ஊரும் இல்லே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாமாவுக்கு அந்த ஏசி அறையிலும் முதுகு வியர்த்தது. மெஸ்ஸில் அவள் பாதிக் கூட்டாளி. ஜெயில் விஷயம் சந்தாபுராவில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எழுதியது யார் என்று பாகீரதி அக்கா வேறு யாரைச் சந்தேகப்படுவாள்?

பக்கத்து இரும்பு ஃபவுண்டரியை மூடியதிலிருந்து மெஸ் படுத்துக் கிடந்தது. இந்தக் கம்பெனிக்கு நாலு மாதத்தில் நாலு விண்ணப்பம் போட்டாயிற்று; மூச்சுப் பேச்சில்லை. முந்தாநாள் எஸ்.டி.டி. பூத்துக்கு போன் வந்து, நேரில் வரச் சொன்னபோது பாமா துள்ளிக் குதித்தாள். இந்த ஆர்டரும் கைநழுவினால் மாதக் கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, வேலை செய்யும் ஒன்பது பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"நிஜம்தான் சார்," என்றாள் பாகீரதி. "ஆனா ஒரு தப்பு இருக்கு. ஆறு வருஷம் இல்ல. ஆறு வருஷம் நாலு மாசம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன கேஸ்?"

"புருஷன் தினம் அடிப்பான். ஒரு நாள் நான் திருப்பி அடிச்சேன். அவன் எழுந்திருக்கல."

வெளியே காபி மெஷினைத் தட்டிக்கொண்டிருந்த பையன்களை அவர் கையால் காட்டினார்.

"இங்க எல்லாம் இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசுப் பசங்க. நாளைக்கு யாராவது கேட்டா, நான் மேல என்னம்மா பதில் சொல்றது?"

"எழுநூறு பேருக்குத் தினம் சமைச்சவள்னு சொல்லுங்க."

"எங்கே?"

"அங்கதான். காய் நறுக்குற கத்தியை மேடையோட சங்கிலி போட்டுக் கட்டியிருப்பாங்க. அந்தச் சங்கிலி எட்டுற தூரத்துக்குள்ளயே ரெண்டு மூட்டை பூசணி நறுக்கணும். இங்க பத்து நிமிஷம் லேட்டானா உங்க பசங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாங்க. அங்க தட்டு பறக்கும் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பறந்துதா?"

"முதல் வாரமே ஒண்ணு என் தோள்ல பட்டுச்சு."

"அப்புறம்?"

"ஒரு நாள் மழையில விறகு பூரா நனைஞ்சு போச்சு. வெளியில இருந்தா ஓடிப் போய் வாங்கலாம். உள்ள ஏது கடை? உக்காந்து அழுதேன். அழுது முடிச்சுப் பார்த்தா எழுநூறு பேரும் அப்படியேதான் உக்காந்திருக்காங்க! மூலையில ரெண்டு மூட்டை அவல் இருந்துச்சு. நனைச்சு, மோர் ஊத்தி, ஊறுகாயோட மணி அடிக்கறதுக்குள்ள போட்டுட்டேன். அன்னையிலேர்ந்து இல்லாததை எண்ணுறதையே விட்டுட்டேன் சார். இருக்கறதை எண்ணிட்டுத்தான் அடுப்பு பத்த வைப்பேன்."

"இந்த ஊர்ல திடீர்னு பந்த்னுடுவா. ரோடையே அடைச்சுடுவா."

"அடைக்கட்டுமே. மழைன்னா என்ன சமையல், கேஸ் சிலிண்டர் வரலைன்னா என்ன, பந்த்னா எந்தப் பக்கமா வண்டி வரணும், எல்லாம் எழுதி வெச்சிருக்கோம். பாமா, நோட்டைக் குடு."

பாமா அவசரமாக நீட்டியதில் நோட்டு கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு அந்த டைப் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இதுவரைக்கும் ஏழு பேர் வந்தா. எல்லாரும் 'ப்ராப்ளமே வராது சார்'னு சொல்லிட்டுப் போனா. ப்ராப்ளம் வந்தா என்ன பண்ணுவேன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். திங்கக்கிழமையிலேர்ந்து நானூறு சாப்பாடு. பன்னெண்டரைக்கு இங்க இருக்கணும்."

"பன்னெண்டுக்கே இருக்கும் சார்."

"ஆமா, இதை யார் எழுதியிருப்பான்னு நினைக்கறேள்?"

"யாரா இருந்தா என்ன சார், நல்லா இருக்கட்டும்."

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் பாமா உடைந்துவிட்டாள்.

"அக்கா, என் பிள்ளைங்க மேல சத்தியம். நான் யார்கிட்டயும் மூச்சு விடல!"

"தெரியும்டி. கண்ணைத் துடை. நானூறு சாப்பாடு வாங்கிட்டு வந்தவ அழுவாளா?"

"சும்மா எனக்காகச் சொல்றீங்க. என்னைத் தவிர யாருக்கும் தெரியாதே. மனசுல ஒரு ஓரமா சந்தேகம் இருக்கும்."

"துளிக்கூட இல்ல."

"அப்ப எழுதின அந்தப் பாவி யாருக்கா? அவன் கை அழுகிப் போக! அவன் நாக்குல..."

"அடியே, சாபம் விடாதே!" பாகீரதி பதறிப் போய் அவள் வாயைப் பொத்தினாள். "ஜெயில்ல பேர் போட்டு, நம்பர் போட்டு பதினோரு மனு எழுதினேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல, பேர் போடாம ஒண்ணு எழுதினேன், பெரிய அதிகாரி அன்னைக்கே ஓடி வந்து விசாரிச்சாரு. இவங்களும் நம்ம நாலு விண்ணப்பத்தைப் பிரிச்சுக்கூடப் பார்க்கல, அதான் அஞ்சாவதா இதை வெளியூர்க் கடையில இங்கிலீஷ்ல டைப் அடிக்கச் சொல்லி நானே தபால்ல போட்டேன்!"