பெஹ்ராங்கின் கார்டு

ஆஃபாக் அத்தை கிரீம் ரொட்டிப் பெட்டியை மேஜை நடுவில் வைத்துத் திறந்தாள்.

நல்லது நடந்த வீட்டார்தான் இனிப்பு கொடுக்க வேண்டும். அத்தை மகன் பெஹ்ராங்குக்கு ஹாம்பர்க்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை நிரந்தரமாகிவிட்டதாம். எங்கள் இஸ்ஃபஹான்காரர்கள் காசில் கெட்டி என்று ஈரான் நாடே கேலி பேசும். அத்தை அந்தக் கெட்டியிலும் கெட்டி. அவளே முழுசாக ஒரு கிலோ வாங்கி வந்திருக்கிறாள் என்றால் மகனின் சம்பளத்தை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஒரு ரொட்டியை எடுத்து இடது பக்கமாகவே மென்றாள். வலது பக்கக் கடைவாயில் பல்லே கிடையாது. பல் கட்டுவதற்கென்று சேர்த்த பணம் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பணத்தைப் பற்றித்தான் பேச்சு.

என் தங்கை மஹின் தாவரவியல் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடையில் போன் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இணையத்தில் புரோகிராமிங் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். கட்டணம் டாலரில். எங்கள் நாட்டு வங்கி கார்டை அந்தத் தளம் திரும்பிக்கூடப் பார்க்காது. வெளிநாட்டுச் சொந்தக்காரன் எவனாவது அவன் கார்டில் கட்டித் தர வேண்டும்.

கட்டலாமா, வேண்டாமா? பல்லா, படிப்பா?

ஒரு காசு வீண் போகாது என்று அத்தை அடித்துச் சொன்னாள். பீட்சா சுட்டுக்கொண்டிருந்த தன் மகனை நாற்காலியில் உட்கார வைத்தது அந்தச் சான்றிதழ்தான் என்றாள். ஆனால் எல்லாருக்கும் அது கைகூடாதாம், பொறுமை வேண்டுமாம். ஃபிரூஸேவைப் பார்க்கவில்லையா என்று என்னைக் காட்டினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருடங்களுக்கு முன் நானும் அதே படிப்பைப் படித்தேன். பரீட்சையில் தோற்றுவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தேன். எல்லாருக்கும் தேநீர் ஊற்றினேன்.

மஹின் என் முகத்தையே பார்த்தாள். "நீ சொல்லுக்கா. அவ்வளவு காசுக்குத் தகுமா?"

பாடம் நல்ல பாடம் என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் இல்லை. அரசாங்கம் இணையத்துக்குப் போட்ட தடையை உடைக்கும் செயலி நிமிடத்துக்கு ஒரு தரம் அறுந்துபோகும். கரண்டும் போய்விடும். அப்படியும் ஒரு பாடத்தை நான் விட்டதில்லை.

அத்தைக்கு அந்தப் பதில் போதவில்லை. மகனிடமே கேட்டுவிடலாம் என்று வீடியோவில் கூப்பிட்டாள்.

பெஹ்ராங் திரையில் வந்தான். கன்னம் உப்பி, நிறம் தெளிந்திருந்தான். எங்கள் அம்மாவின் கையை முத்தமிடுவதாகச் சொன்னான். எங்களோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று வருத்தப்பட்டான். அம்மா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"தாராளமா படிக்கட்டும் மாமி. காசைப் பத்தி நினைக்காதீங்க, நானே கட்டிடுறேன். நீங்க முதல்ல பல்லைக் கட்டுங்க."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை திரையையே முத்தமிட்டாள்.

போன தடவை என் படிப்புக்குக் கட்டிய பணத்தை ஒரு டாலர் பாக்கி வைக்காமல், தன் அம்மாவை அனுப்பி என்னிடம் வசூலித்தவன் இவன். இவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தாராளம்?

அதையும் அவனே சொன்னான். அடிப்படைப் படிப்பு வேண்டாமாம், நேராக மேல்நிலைப் படிப்பையே எடுத்துவிடலாமாம். அவன் ஆபீசில் இப்போது அதைத்தான் கேட்கிறார்களாம். கஷ்டமாக இருந்தால் ஃபிரூஸே சொல்லிக்கொடுப்பாளாம்.

தோற்றவள் எப்படிச் சொல்லிக்கொடுப்பாள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கார்டு தன்னுடையது என்பதால் படிப்புத் தளத்தில் கணக்கைத் தன் பெயரில்தான் திறக்க முடியும், பரவாயில்லையா என்று மஹினிடம் கேட்டான். பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டான்.

மஹின் மரியாதை தெரிந்த பெண். அப்படிக் கேட்டால் நாங்கள் எல்லாரும் சொல்வதையே அவளும் சொன்னாள்.

"அதனால என்ன, நமக்குள்ள உன் பேரு என் பேருன்னு இருக்கா?"

அன்றைக்கு நானும் இதைத்தான் சொன்னேன். முகத்துக்காகச் சொல்கிற பேச்சு அது. கேட்பவன், சேச்சே, அது உன் உழைப்பு என்று மறுத்தாக வேண்டும். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு கப் தேநீர்கூட வாங்கிக்கொள்ளாத ஊர் எங்களுடையது. பெஹ்ராங் ஒரு தடவைகூட மறுக்கவில்லை.

நான் தோற்கவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினேன். சான்றிதழ் அவன் பெயரில் வந்தது. அத்தை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். ஒவ்வொரு நவ்ரூஸ் புத்தாண்டுக்கும் மரியாதைக்குப் போய், அதற்கு நேர் கீழே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துவிட்டு வருகிறேன்.

சொந்தக்காரனைத் திருடன் என்று சொல்ல வாய் வரவில்லை. தோற்றேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

இன்றும் வாயைப் பொத்திக்கொண்டால் அடுத்த வருடம் மஹினும் தோற்றுப்போவாள்.

அத்தையின் கையிலிருந்த போன் பக்கம் குனிந்தேன்.

"பெஹ்ராங், சான்றிதழ் யார் பேர்ல வரும்? அதை மஹின்கிட்ட இப்பவே சொல்லிடு."

அவன் காதைத் தொட்டுக் காட்டினான். நான் பேசுவது கேட்கவில்லையாம். லைன் விட்டு விட்டு வருகிறதாம். ஹாம்பர்க்கில் இன்றைக்கு நெட் சரியில்லையாம்.

அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எங்களுக்குக் கணீரென்று கேட்டது.