வேலி தாண்டிய பாம்புகள்

பிஸ்கட் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முரியல் ஹெக்ஸ்ட் பக்கத்துத் தோட்டத்து வேலியோரம் குனிந்தாள். காலை ஆறரை மணி. அந்தத் தோட்டத்தை வாடகைக்கு எடுத்திருக்கும் டெஸ்மண்ட் லஸ்கம் எட்டுக்கு முன்னால் வரமாட்டான் என்பது அவளுக்கு அத்துப்படி.

மூடியைத் திறந்து டப்பாவைச் சாய்த்தாள். விரல் தடிமனில், செம்புக் கம்பி போலப் பளபளத்த மூன்று உருப்படிகள் நெளிந்து இறங்கி அவனுடைய முட்டைக்கோஸ் பாத்திக்குள் போயின. கடைசியாக இறங்கியது மட்டும் அவளைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனது.

"போ, போய் அவன் காலைச் சுத்து" என்றாள் முரியல்.

பாம்பென்றால் அவளுக்கும் அருவருப்புதான். ரப்பர் கையுறையும் சமையலறை இடுக்கியும் பாதித் தைரியத்தைத் தந்தன. மீதியை ஆத்திரம் தந்தது.

போன ஆகஸ்டில், ஊர்க் கண்காட்சியில் வந்த ஆத்திரம் அது. முட்டைக்கோஸ் கோப்பை மூன்று வருடமாக அவளிடம்தான் இருந்தது. நான்காவது முறையும் நடுவர் அவளுடைய கோஸைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, "அடி இலையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்க சார்" என்றான் டெஸ்மண்ட். உள்ளே ஓடில்லாத நத்தை ஒன்று கொழுகொழுவென்று படுத்திருந்தது.

"இது சைவமா, அசைவமா மிஸஸ் ஹெக்ஸ்ட்?" என்று கேட்டான். கூடாரமே சிரித்தது. கோப்பை வேறு யாரோ ஒருவர் வீட்டுக்குப் போயிற்று.

அதற்கு முந்தின குளிர்காலத்தில், அவனுடைய கொட்டகை விதியைவிட ஓரடி உயரம் என்று, தோட்டங்களை வாடகைக்கு விடும் கமிட்டிக்கு எழுதிப் போட்டு, அவன் கையாலேயே அதைப் பிரிக்க வைத்தவள் முரியல்தான். ஆனால் அது சட்டம், இது அவமானம் என்பது அவள் கணக்கு.

பழிவாங்க வழி தேடிக்கொண்டிருந்தவளுக்கு மே மாதத்தில் அது தானாகக் கிடைத்தது. தோட்டத்தில் கிடந்த பழைய தகரத்தைத் தூக்கிய டெஸ்மண்ட், அடுத்த தோட்டக்காரி பெரிலைக் கூப்பிட்டு அந்தப் பக்கம் பூராவும் கேட்கும்படி அலறினான்.

"பாம்பு, பாம்பு. பெரில், இங்க ஓடி வாயேன். சின்ன வயசுலேர்ந்தே இதைக் கண்டா எனக்கு உசுரே போயிடும். இன்னும் நாலு கண்ணுல பட்டுச்சுன்னா தோட்டமே வேணாம்னு கமிட்டிகிட்ட சாவியைக் கொடுத்துட்டுப் போயிடுவேன்."

அவரைப் பந்தலுக்குப் பின்னால் நின்ற முரியலுக்குக் காதில் தேன் பாய்ந்தது. அவளுடைய மக்கிய உரக் குவியலின் சூட்டில் அதே ஜாதி இருபதுக்குக் குறையாமல் குடியிருந்தது. அவளுக்கு அவை போனால் போதும். இவன் தலையில் கட்டினால் இன்னும் நல்லது.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு, மூன்று என்று வேலி தாண்டின. அவனும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் அலறினான். வேலிக்கு இந்தப் பக்கம் முரியல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாவம்டி அந்த மனுஷன். இன்னிக்கும் பாத்தியில ஒண்ணு நெளிஞ்சுச்சாம்" என்றாள் பெரில், முரியலிடம்.

"செஞ்ச பாவம் சும்மா விடுமா?"

"அது சரி, நீ ஏன்டி இப்பல்லாம் விடியக்காலையிலயே வந்து நிக்கிற?"

"தூக்கம் வரல. உனக்கென்ன?"

ஜூலையில் உரக் குவியல் காலியாகிவிட்டது. டெஸ்மண்ட் மட்டும் சாவியைக் கொடுப்பதாக இல்லை. போதாக்குறைக்கு, மழை பிடித்துக்கொண்டதில் முரியலின் கோஸ் இலையெல்லாம் ஓட்டையாயிற்று. நத்தைகளை மடக்க முட்டை ஓட்டைத் தூவினாள், கிண்ணத்தில் பியர் ஊற்றி வைத்தாள். நத்தைகள் பியரையும் குடித்துவிட்டுக் கோஸையும் தின்றன. அவள் வானத்தைத் திட்டினாள்.

கண்காட்சி அன்று, இருப்பதிலேயே தேறியதைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். அது சல்லடைக்கு அக்கா போலிருந்தது. பக்கத்துத் தட்டில் டெஸ்மண்டின் கோஸ், ஊசி குத்தின அடையாளம்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டார் நடுவர்.

"ஒரு சொட்டு அடிக்கல சார். பெரிய மனசுக்காரங்க ஒருத்தங்க ஒத்தாசை பண்ணாங்க."

கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே முரியலிடம் வந்து நின்றான். அவளுக்கு வயிறு எரிந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அத்தனை பாம்புக்கு நடுவுல எப்படிங்க கையை விட்டீங்க?"

"அது பாம்பே இல்லீங்க, காலில்லாத பல்லி. பாம்பு எங்கயாவது கண்ணைச் சிமிட்டுமா? நத்தைன்னா அதுக்கு உசுரு, ஒண்ணு விடாம தின்னு தீத்துடும். மூணு வருஷம் உங்களுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்ததே உங்க உரக் குவியல்ல இருந்த அதுங்கதான்."

முரியலுக்குக் காது மடல் சுட்டது. எல்லாவற்றையும் தன் கையால், டப்பா டப்பாவாக இவனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"பல்லின்னு தெரிஞ்சுமா அன்னிக்கு அந்தக் கத்து கத்தினீங்க?"

டெஸ்மண்ட் குனிந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"உங்க காதுல விழணும்ல."